மூன்று பேர் சொன்னால் போதும்

"சாப்டாச்சாக்கா?" என்று ஜுன்-ஹ்வேயிடம் கேட்ட யா-ரோங், பதில் கிடைத்த பிறகும் நகராமல் நின்றாள்.

தைவானின் சின்ச்சூ நகரில் அந்த அலுவலகத்தில் மதியம் விளக்கை அணைத்துவிட்டு, எல்லோரும் மேசையிலேயே தலைசாய்த்துத் தூங்குவார்கள். ஆறிப்போன பன்றிக்கறிச் சோற்றின் எண்ணெய் வாடையும், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வரிசை வரிசையாகக் கணினிகள் இரைகிற சத்தமும் இருட்டில் கலந்து கிடக்கும். ஜுன்-ஹ்வேக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வயிற்றெரிச்சல்காரிக்கு எங்கே தூக்கம் வரும்? அவள் மாடாய் உழைத்த இடத்தில், நேற்று வந்த மெங்-ஜியேவுக்குத் தலைமைப் பதவியாம்!

அங்கே கணினிகளே ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும். விடை தெரிந்த கேள்வியைப் பக்கத்துக் கணினியிடம் கேட்கும். விடை பிசகினால் 'இது பழுது' என்று அறிவிக்கும். மூன்று அப்படிச் சொன்னால், பழுதை ஒதுக்கிவிட்டு, இடைவெளி தெரியாமல் மற்றவை நெருங்கிக்கொள்ளும். காலையில் ஜுன்-ஹ்வே மூன்று கணினிகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாள். மெங்-ஜியே பார்த்துப் பார்த்து அமைத்த கணினி, சரியாகப் பதில் சொல்லிக்கொண்டே ஒதுக்கப்பட்டது. மாலைக் கூட்டத்தில் மெங்-ஜியேவின் மானம் போகும். பதவி தனக்கு வரும்.

"சாப்ட்டேன்னு சொன்னேனேடி."

யா-ரோங் அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த மேசைக்குப் போய் ஏதோ முணுமுணுத்தாள்.

அங்கிருந்து பெரியவர் குவோ எழுந்து வந்தார். "சாப்டியாம்மா?"

"சாப்ட்டேண்ணே."

"என்னம்மா உளர்றே?" தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

கணினிகளின் இரைச்சல் கூடியதுபோல் இருந்தது.

மெங்-ஜியே வந்தாள். பக்கத்தில் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கனிவுதான் ஜுன்-ஹ்வேக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாப்டீங்களாக்கா?"

"சாப்ட்டேன்! எத்தனை பேருடி கேப்பீங்க?"

மெங்-ஜியேவின் கண் கலங்கியது. "மூணாவது ஆளு நான்தான்க்கா. இனி எங்க கையில இல்ல."

தலைகள் நிமிர்ந்தன. எல்லாத் தலைகளும். யாரும் தூங்கவில்லை.

இடது மேசை நகர்ந்தது. வலது மேசையும். நாற்காலி நொறுங்கியது. விலா. தோள். மூச்சு.

"சாப்ட்டேன்..."

விளக்கு எரிந்தது. இரண்டு மேசைகளுக்கும் நடுவே, தலைக்கு மேலே, மயிரிழை அகலத்தில் ஒரு வெளிச்சக் கோடு மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மெங்-ஜியே அதன்மேல் தன் தேநீர்க் குவளையை வைத்தாள்.