நிறுத்த அனுமதி இல்லை

மெயின் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. ரப்பர் ஃபெக்டரிக்குள் வரும்போது ஸுமைரா தன் கண்ணாலேயே பார்த்தாள். அப்படியிருந்தும் மடிக்கணினியில், ரப்பர் ஷீட் அழுத்தும் ரோலரின் பதிவில், புதிதாக ஒரு வரி: ரோலர் ஓடுகிறது.

பழைய வரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தெரணியகலை மழை பின்னேரத்திலேயே தோட்டத்தை இருட்டாக்கியிருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டும் இரைச்சல், ரப்பர் பாலும் அதை உறைய வைக்கும் அசிட்டும் கலந்த புளித்த வாடை, மூலையில் மெஷினைக் காக்கும் சாமியான ரோதைமுனிக்கு என்றோ காட்டிய கர்ப்பூரத்தின் மிச்ச மணம் எல்லாம் அங்கே நிறைந்திருந்தன. வேலையை முடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

நல்ல வேலைக்கு ஒன்றும் அவள் வரவில்லை. பெருவிரல் வைத்து ரோலரை ஓட்டி நிறுத்தும் கணினி முறையை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். ஆட்கள் சும்மா சும்மா மெஷினை நிறுத்துகிறார்கள் என்று தோட்டத்துத் துரை சலித்துக்கொண்டதால், யார் நிறுத்துவது என்று அது முதலில் பதிவில் எழுதும், பிறகுதான் நிறுத்தும். பதிவு எழுத, இணையத்தில் கிடைத்த, யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் லைப்ரரி ஒன்றை எடுத்துப் போட்டிருந்தாள். எழுத வருகிறவருக்கு அனுமதி உண்டா என்று அது பார்க்கும். இல்லையென்றால் எழுதாது, வேலையை அந்த இடத்திலேயே கைவிட்டுவிடும். ரோலரை நிறுத்தும் கட்டளை அதற்கு அடுத்த வரியில் இருந்தது; அனுமதி இல்லாதவருக்கு அந்த வரி வரவே வராது. வருடக்கணக்காக அசிட்டில் நனைந்த விரல்களில் ரேகையே மிஞ்சாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அறைக்குள் இருந்து எழுதுகிறவர்களுக்கு எல்லா விரலும் ஒன்றுதான்.

தினமும் சுப்பவைசரே ஓட்டி நிறுத்தியதால் யாருக்கும் தெரியவில்லை. அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் ஷீட் போடும் கருப்பாயியின் கை ரோலருக்குள் போனது. மற்றக் கையால் அவள் பெருவிரல் தட்டை அமுக்கியிருக்கிறாள், திரும்பத் திரும்ப. மறுக்கப்பட்ட அந்த அமுக்கல்கள் தனியாக ஒரு கோப்பில் கிடந்தன. அது ஸுமைராவுக்கு மட்டுமே தெரியும். நாளை விசாரணை. கோப்பு அழிந்தால், தவறு செத்தவளுடையது.

வாசலில் யாரோ இருமினார்கள். கருப்பாயியின் புருஷன் கன்னையா, ஃபெக்டரி வாச்சர். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நோனா, ஒன்னே ஒன்னு கேக்கணும். அவ நிப்பாட்டப் பாத்தாளா இல்லீங்களா? கவனமில்லாத பொம்பள இல்லீங்க அவ."

ஸுமைரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதிவுல ஒண்டும் இல்ல அண்ணன். அவங்க அமுக்கல்ல."

"கம்பியூட்டர் பொய் சொல்லாதுதானேங்க."

"சொல்லாது."

அவர் நம்பித் தலையாட்டினார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் கோப்பை அழித்தாள்.

அழிந்தது. திரும்ப வந்தது. 'அடையாளம் தெரியாதவர்' என்று இருந்த இடத்தில் இப்போது பெயர் இருந்தது.

கருப்பாயி. நிறுத்து. அனுமதி இல்லை.

கருப்பாயி. நிறுத்து. அனுமதி இல்லை.

திரை நிறைந்து மேலே ஓடியது. புளித்த வாடை கனத்தது. பின்னால் இரும்பு முனகியது, மெதுவாக, பிறகு சீராக. கரண்ட் இல்லை. ரோலர் சுற்றியது.

எழுந்தாள். அவள் போட்டிருந்த ஷோல் கூட எழவில்லை. அதன் நுனி ரோலருக்குள் இருந்தது. இழுத்தாள். வலது கையால் இழுத்தாள்.

கை போனது.

"கன்னையாண்ணன், நிப்பாட்டுங்க."

அவர் ஓடிவந்து பெருவிரலை வைத்தார். வாச்சராவதற்கு முன் அவரும் அசிட் தொட்டியில் நின்றவர்.

அடையாளம் தெரியாதவர். நிறுத்து. அனுமதி இல்லை.

"அமுக்குறேங்க நோனா. நல்லாத்தான் அமுக்குறேன்."

அங்கே அனுமதி உள்ள ஒரே பெருவிரல், ஸுமைராவுடையது, ரோலருக்குள் இருந்தது. இப்போது மணிக்கட்டு. இப்போது முழங்கை. கன்னையா அழுதுகொண்டே அமுக்கினார். அவருடைய விரலை ஒட்டி இன்னொரு பெருவிரல், ரப்பர் பால் காய்ந்து வெளுத்தது, ரேகையே இல்லாதது, ஸுமைராவுக்காக அதே தட்டை அமுக்கிக்கொண்டிருந்தது, திரும்பத் திரும்ப.