தகரக் கொட்டகைக்கு ஓர் இடைநிரப்பி

நிலவிலிருந்து ஃபெலிசிட்டா சிரித்தால், தூத்துக்குடியில் கஸ்பார் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவான். அவன் மனைவி நிலாத்தளத்து மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் இவனுக்கு வேலை நேரம். படகு எஞ்சின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தகரக் கொட்டகைக்குள்ளேயே கிடப்பான்.

தகரத்துக்கும் பேச்சைக் கொண்டுவரும் அலைக்கும் ஆகாது. சுவரும் கூரையும் இரும்பு. அவ்வளவு தூரம் வந்த குரல் கொட்டகை வாசலில் நின்றுவிடும். "ஏங்க, நேத்து..." என்று ஆரம்பிப்பாள், மீதி வராது. அந்த மீதிக்காக அவன் ஏங்கியது கொஞ்சமல்ல. கூரைமேல் ஏறி அலைவாங்கியைத் திருப்பித் திருப்பி வைத்தான், தகரத்தில் ஓட்டை போட்டான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், ஊரே வாங்கிய இடைநிரப்பியை அவனும் வாங்கி மாட்டினான்.

அலை அறுந்தால் அந்தக் கருவி சும்மா இருக்காது. பேசுகிறவரின் பழைய பேச்சையெல்லாம் படித்து வைத்திருக்கும். விட்டுப்போனதை ஊகித்து அவர் குரலிலேயே பேசிவிடும். மறுமுனையில் அவளுக்கும் அப்படியே, இவன் குரலில். ஓரிரு சொல்லை ஒட்டுப்போடும், அவ்வளவுதானே என்று கஸ்பார் நினைத்தான். எவ்வளவு ஒட்டுப்போடுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தான்.

கேட்டால் உடனே பதில். "பக்கத்துல உக்காந்து பேசுறாப்ல இருக்கு" என்று துறைமுகம் முழுக்கப் பெருமையடித்தான்.

"கிறிஸ்துமஸுக்கு வந்துருவேங்க" என்றாள் ஒருநாள்.

"வா. வேண்டாம்னா சொன்னேன்" என்றான். மனசு குதித்தது, வாய் மட்டும் அவ்வளவோடு நின்றது. அவன் எப்போதுமே அப்படித்தான். உள்ளதைச் சொன்னால் அங்கே அவளுக்கு வேலை ஓடாது என்று ஒரு நினைப்பு. வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தான்.

ஒரு காலை, பழுதுபார்த்த படகை ஓட்டிப் பார்க்கக் கடலுக்குள் போயிருந்தபோது காதில் அழைப்பு வந்தது. தலைக்குமேல் வெறும் வானம், அலையை மறிக்கத் தகரம் இல்லை.

"ஏங்க."

"சொல்லு ஃபெலி. கிறிஸ்துமஸுக்கு எந்தக் கப்பல்ல வர்ற?"

பதில் வரவில்லை. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. குரல் நிலவுக்குப் போய்த் திரும்ப இரண்டு மூன்று நொடி ஆகும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. கொட்டகைக்குள் இத்தனை மாதமாக அந்தத் தாமதம் இருந்ததே இல்லை.

"எந்த கிறிஸ்துமஸ்? இன்னும் அஞ்சு வருசம் இருக்கேன்னு ஒத்துக்கிட்டேன்லா. ஒங்ககிட்ட கேட்டுட்டுதான செஞ்சேன்."

"எங்கிட்டயா? எப்ப கேட்ட?"

மறுபடியும் காத்திருந்தான்.

"போன மாசம். நீங்க கொட்டகையில இருந்திய. வந்துரட்டுமா, இருக்கட்டுமா, நீங்க சொல்றதுதான்னு கேட்டேன். 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், உன் இஷ்டம்'னு சொன்னிய. ஒரு தடவையாவது வான்னு சொல்லுவியன்னு எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா. எனக்குப் பதிலா வர இருந்த பொண்ணும் வேற வேலைக்குப் போயிட்டா."

"ஃபெலி, அது நான் இல்ல. அந்த நிரப்பி பேசிருக்கு. எங்காதுல நீ கேட்டது விழவே இல்ல. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடல. வந்துரு." சொல்லிவிட்டான். இத்தனை காலமும் தொண்டையிலேயே நின்றது, இவ்வளவு எளிதாக வந்துவிட்டது.

எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். படகு ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் அன்னைக்கே சந்தேகந்தாங்க" என்றாள் ஃபெலிசிட்டா. குரல் உடைந்திருந்தது. "நிரப்பி வாங்குறதுக்கு முன்னாடி நாம பேசுனதெல்லாம் பதிவா வச்சிருக்கேன்லா, ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டேன். எதுலயாவது நீங்க வான்னு சொல்லிருந்தா, அன்னைக்கு 'உன் இஷ்டம்'னு சொன்னது மிஷினுன்னு கண்டுபிடிச்சிருப்பேன்."