பதினொன்று புள்ளி நான்கு

பாய் விரிந்து கிடந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். ஆனால் கிருஷ்ணவேணி அந்த ரப்பர் பாயைத் தன் கையாலேயே சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, மூலையில் நிறுத்திவைக்கிறவள். கூட்டிப் பெருக்க வரும் காந்திமதிகூட அதைத் தொடமாட்டாள். சீக்காளிகள் உட்கார்ந்து எழுந்த பாய் என்று அவளுக்கு ஒரு சங்கடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, மழைக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து பூட்டைத் திறந்தால், கயிறு ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். பாயின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஈரத் தடம். ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். மேலே மாடி வீடு; ஒழுக வழியே இல்லை. தான்தான் கட்டாமல் போயிருப்போம் என்று தனக்கே சமாதானம் சொல்லி, துடைத்துச் சுருட்டி நிறுத்தினாள்.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம் அது. தசைநோய் ஆராய்ச்சி ஒன்றுக்கு இந்த வட்டாரத்து அலுவலகம். வாசற்கதவிலிருந்து பின்சுவர் வரைக்கும் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும், சரியாகப் பத்து மீட்டர். நோயாளி அதன்மேல் நடந்து வந்து, முடிகிற இடத்தில் பாயில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். கிருஷ்ணவேணி கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்து டேப்லெட்டில் ஏற்றுவாள். தசைக்குள் ஏதோ ஒரு புரதம், கண்ணுக்கே தெரியாத சமாச்சாரம். அது இல்லையென்றால் வாட்டசாட்டமான ஆள்கூடத் தரையிலிருந்து எழ முடியாது. எழுகிற விதமே தனி. முதலில் இரண்டு உள்ளங்கையும் தரையில் ஊன்றும். பிறகு ஒவ்வொன்றாகக் கணுக்காலில், முழங்காலில், தொடையில். தன் உடம்பின்மேல் தானே கைவைத்து ஏறுவார்கள். பக்கத்திலேயே நின்றாலும் கை கொடுக்கக் கூடாது. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘உதவி: இல்லை’ என்று இருந்தால்தான் அந்தச் சோதனை செல்லும்.

ஐந்தரைக்குப் போன் வந்தது. முகையூர்ப் பக்கத்துச் சவுரிராயன். நோயாளி ஆரோக்கியசெல்வியின் அப்பா.

“பொண்ணு போயிடுச்சும்மா,” என்றார். “திங்கக்கெழம காலைல பதினோரு மணி இருக்கும், மூச்சு வாங்கிக்கினே இருந்துச்சு, அப்டியே நின்னுபோச்சு. மறுநாளு கல்லறையில வச்சிட்டோம்.”

அவர் அழவில்லை. அழுது முடித்த குரல். ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார்.

“போன வருசம் தொடையில கொஞ்சூண்டு சதை எடுத்துகினு போனீங்களே, அத்தத் திருப்பிக் குடுப்பாங்களாம்மா? புள்ளைய முழுசாப் பொதைக்கலன்னு அவங்கம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்குது.”

புளியங்கொட்டை அளவுச் சதை. சென்னையில் ஏதோ ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டிக்குள், ஒரு நம்பர் ஒட்டி, அது இன்னும் அழியாமல் இருக்கும். கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். வைத்த கையோடு டேப்லெட்டை இழுத்துக்கொண்டாள்.

துக்கம் இல்லாமல் இல்லை. செல்விக்கு இருபத்தாறு வயசு. வர முடியாதவர்களைப் பாயோடு வீட்டுக்கே போய்ச் சோதிப்பது வழக்கம்; அப்படிப் போகும்போதெல்லாம் வேகவைத்த வேர்க்கடலையை, அவள் பேச்சில் மல்லாட்டை, ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் மூச்சிரைத்துக்கொண்டே, “எவ்ளோக்கா வந்துச்சு?” என்று கேட்பாள், பரீட்சை மார்க் கேட்கிற மாதிரி. முப்பது வினாடிக்குள் எழ முடியாதவர்களை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள், மருந்தும் நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு முன்பு ஒருநாள் செல்வியால் எழவே முடியவில்லை. பாயில் கிடந்தபடி கிருஷ்ணவேணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். என்னை எடுத்துடாதீங்கக்கா என்றாள். அன்றைக்கு இரக்கப்பட்டுப் பதினான்கு வினாடி என்று போட்டாள் கிருஷ்ணவேணி. அடுத்த மாதம் பதின்மூன்று. அப்புறம் மழை, பஸ், அலுப்பு, போகாமலேயே போட்டாள். இரக்கம் எங்கே முடிந்து சோம்பல் எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது.

இந்த மாதத்துச் சோதனையைத் திங்கட்கிழமையே ஏற்றிவிட்டாள். டேப்லெட்டைத் திறந்து பார்த்தாள். பெயர், ஆரோக்கியசெல்வி. நாள், வெள்ளிக்கிழமை, அதாவது இன்று. நேரம், மாலை ஆறு பத்து. வீட்டில் பார்த்ததாகப் போட்டால் அந்த இடத்தின் போட்டோ கேட்கும் என்பதால், இடம், திண்டிவனம் அலுவலகம். நடை, பதினாறு வினாடி. எழுதல், பதினொன்று புள்ளி நான்கு. உதவி, இல்லை. ஏற்றிய நேரம் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: திங்கள், காலை பதினொன்று.

அங்கே மூச்சு நின்றுகொண்டிருந்த நேரத்தில் இங்கே அவளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறாள்.

ஏற்றியதை அழிக்கும் அதிகாரம் ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் சீனுவாசன் ஒருவருக்குத்தான். சொல்லிவிட வேண்டும், வேலை போனாலும் போகட்டும் என்றுதான் அவருக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததுமே பாராட்ட ஆரம்பித்துவிட்டார்.

“செல்வியோட போன மாசம் வரைக்குமான ரிசல்ட் பாத்தேம்மா. எந்திரிக்கிற நேரம் மாசாமாசம் கொறையுதே. இன்னிக்குத்தானே டெஸ்ட், வருதா அந்தப் பொண்ணு?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆறு மாதப் பொய்யும் அதன் பின்னால் வரிசைகட்டி நின்றது.

“ஆமா சார்,” என்றாள். “வருது.”

மணி ஆறு ஐந்துக்குக் கரண்ட் போனது. மழை கொட்டிக்கொண்டிருந்தது, மேம்பாலத்து லாரிகளின் இரைச்சல் அதற்குள் எங்கோ அமுங்கிக் கேட்டது. பின்சுவரோரம் மேசை மேலிருந்த கைப்பையைத் தேடி எடுக்கும்போது அவள் கால் எதிலோ மெத்தென்று பட்டது. குனிந்து தடவினாள். ரப்பர் பாய். விரிந்திருந்தது. ஈரமாகவும் இருந்தது. கல்லறை மண்ணும் வேகவைத்த மல்லாட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை அறை முழுக்க மெல்ல எழுந்தது. அப்படி இரண்டும் சேர்ந்து அவள் இதுவரை முகர்ந்ததே இல்லை.

வெளியேற ஒரே கதவு. அது மஞ்சள் நாடாவின் அந்த முனையில் இருந்தது.

அது திறந்தது.

சாரல் உள்ளே வந்தது. தெருவின் மங்கல் வெளிச்சத்தில் வாசல் காலியாகத்தான் தெரிந்தது. கதவு திரும்பச் சாத்திக்கொண்டது. அப்புறம் ‘பீப்’ என்று ஒரு சத்தம், அவள் நெஞ்சின்மேலிருந்து. ஸ்டாப்வாட்ச். யார் அழுத்தியது என்று பதறித் தடவினாள். அவளுடைய கட்டைவிரல்தான். பழக்கம்.

ஒரு காலடி.

இன்னொன்று. இடுப்பை ஆட்டி, முன்பாதத்தை முதலில் ஊன்றும் நடை. ஆயிரம் பேரில் அடையாளம் சொல்வாள். நாடாவின்மேல், கோடு பிசகாமல், வந்துகொண்டிருந்தது. அவள் சுவரோடு ஒட்டினாள். தாங்க முடியாத பயம். கத்தக்கூடத் தோன்றவில்லை. மனசு தானாக எண்ணியது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு.

பதினாறில் நின்றது. அவள் முன்னால்.

விரல் மறுபடி அழுத்தியது. வாட்ச் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடியது.

பாயில் தொப்பென்று ஒரு கனம் உட்கார்ந்தது. அவள் கால்விரல்களில் ஈரம் தெறித்தது.

மூச்சிரைப்பு. கீழே, இருட்டில்.

தரையில் ஓர் உள்ளங்கை. ‘சத்’.

இன்னொன்று. ‘சத்’.

மூன்று வினாடி.

அடுத்த கை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். கணுக்கால். வந்தது.

அவளுடைய கணுக்காலுக்கு.

குளிர்ந்த, மண் அப்பிய கை. அடுத்த கை முழங்காலில். அப்புறம் தொடையில். அங்கே விரல்கள் கொஞ்சம் நின்றன. புளியங்கொட்டை அளவு ஓரிடத்தைத் தேடுகிற மாதிரி அழுத்தின. பிறகு ஏறின. இடுப்பு. ஒன்பது. தோள். பத்து. முழுக் கனமும் அவள்மேல். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

விரல் அழுத்தியது. ‘பீப்.’

கரண்ட் வந்தது. மூடிய இமைக்குள் சிவப்பாக வெளிச்சம். முகத்துக்கு நேரே, அவள் உயரத்திலேயே, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. வாட்சைப் பார்க்கவே வேண்டாம். என்ன எண் என்று அவளுக்குத் தெரியும். ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பொய்யில்லாத எண்.

“எவ்ளோக்கா வந்துச்சு?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தோளிலிருந்த கைகளும் இறங்கவில்லை.