சலோமிக்குக் கிடைத்த ஏழாம் நாள்

சலோமிக்கு அழுகை அழுகையாக வந்தது. நாடகத்தில் எல்லாருக்கும் நல்ல வேடம் கிடைத்திருந்தது. அவளுக்கு மட்டும் ஏழாம் நாள்.

ராகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டம் அது. அங்கே தகரக் கூரை போட்ட சின்னக் கோயிலில், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கடவுள் உலகத்தைப் படைத்த கதையை நடிக்கப் போகிறார்கள். சின்னராசாதான் சூரியன். சலோமி வீட்டில் அரிசி புடைக்கும் சுளகில் மஞ்சள் தாள் ஒட்டி, அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடி வருவான். லேயாள் மீன்களுக்குத் தலைவி. சலோமியின் தம்பி மோசேகூட யானை. சாக்குத் துதிக்கை முழங்கால் வரைக்கும் தொங்கியது.

ஆறு நாளும் வேலை செய்த கடவுள், எல்லாம் நன்றாக இருப்பதைப் பார்த்து, ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அதனால் சலோமி மேடையில் சும்மா உட்கார வேண்டும். வசனம்கூடக் கிடையாது.

அதுவும் அவளுக்கு வரவில்லை. ஒத்திகையில் ஒரு தாள் மீன் கீழே விழுந்ததும் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள். அடுத்த நிமிடம் மோசேயின் துதிக்கையை இறுக்கிக் கட்டப் போய்விட்டாள்.

“ஏழாம் நாளும் வேல நடக்குதுங்க, ஐயா” என்றான் சின்னராசா.

நாடகம் பழக்கிய கோயில் உபதேசியார் சிரித்துக்கொண்டே சலோமியிடம் வந்தார். “வேலையெல்லாம் முடிச்சிட்டு வீட்டுல அம்மா எப்படி உக்காருவாங்க? அதே மாதிரி உக்காரு, போதும்.”

சலோமி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். “எங்கம்மா சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லீங்க, ஐயா.”

பிள்ளைகள் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மாலை நாடகம், அதற்குள் பழகிக்கொள் என்றார். அப்போதும் வராவிட்டால், சூரியனே ஏழாம் நாளையும் சேர்த்து நடிக்கட்டும் என்றார். சின்னராசா சுளகை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான்.

அந்த வாரம் முழுவதும் சலோமி அம்மாவையே கவனித்தாள். அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வருவாள். கூடையை இறக்கி வைத்த கையோடு அடுப்பை மூட்டுவாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். அம்மா உட்காராமலே சனிக்கிழமையும் போய்விட்டது.

ஞாயிறு காலை அப்பா ராகலைக் கடைக்குப் போனார். அம்மா துணிமூட்டையோடு ஆற்றுக்குப் போனாள். சலோமி தம்பியை உலுக்கி எழுப்பினாள். இருவரும் மலையூற்று விழும் பீலியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். செடிகளைக் கவ்வாத்து செய்த மலையில் வெட்டிப்போட்டிருந்த காய்ந்த தேயிலைக் கிளைகளை விறகுக்குச் சுமந்து வந்தார்கள். தரையைச் சாணம் போட்டு மெழுகினார்கள். அது கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் வந்தது.

அம்மா திரும்பி வந்து பார்த்தாள். தண்ணீர் இருந்தது. விறகு இருந்தது. சரி, அரிசியையாவது புடைக்கலாம் என்று சுளகைத் தேடினாள். சுளகு சூரியனாகிப் போயிருந்தது. கிழிந்த சட்டையைத் தைக்கலாம் என்றால், மோசே ஊசியை ஒளித்து வைத்திருந்தான்.

“என்னடி இது?”

“எனக்காகக் கொஞ்சம் உக்காரும்மா. நான் பாத்துப் பழகணும்.”

அம்மா சிரித்தபடி லயத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். யாராவது கூப்பிட்டால் ஓடத் தயாராக, நுனியில்தான் உட்கார்ந்தாள். சலோமி தேத்தண்ணி கொடுத்தாள். அம்மா அதை ஆறிப்போகுமுன் குடித்தாள். பிறகு மெல்லச் சுவரில் சாய்ந்தாள். கால்கள் நீண்டன. கொழுந்துக் கறை படிந்த கைகள் மடியில் தாமாகவே விரிந்தன.

எதிர்மலைச் சரிவில் வெயில் படர்ந்துகொண்டிருந்தது. தினமும் அம்மா ஏறி இறங்கும் மலைதான் அது.

“இம்புட்டு அழகாவா இருக்கு இந்த மல?” என்றாள் அம்மா.

 சலோமி அந்தக் கைகளையும் கண்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாலையில் கோயில் நிறைந்திருந்தது. சூரியன் ஓடி வந்தது. மீன்கள் துள்ளின. யானை தன் துதிக்கையைத் தானே மிதித்து விழுந்து, நிறையக் கைதட்டு வாங்கியது.

பிறகு ஏழாம் நாள் வந்தது. சலோமி உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்தாள். கால்களை நீட்டினாள். மடியில் கைகளை விரித்து, எங்கோ தூரத்து மலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில், கூடக் கொழுந்து பறிக்கும் மீனம்மா அக்கா சலோமியின் அம்மாவை மெல்ல இடித்து, “ஒன்னய மாதிரியே இருக்காடி” என்றாள். சொன்னவளும் முந்தானையைச் சரிசெய்வதை விட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் சாய்ந்தாள். வரிசை வரிசையாக, மடிகளில் கைகள் விரிந்தன.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்ல உபதேசியார் வாயைத் திறந்தார். பெண்கள் பக்கம் பார்த்தார். பிறகு அவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.