மலைமேல் ‘நீங்க’ கிடையாது

வரிசையில் ஒட்டீலியாதான் கடைசி. அப்படியிருக்க, அவளுக்குப் பின்னால் பனியில் சறுக்குப்பலகை உரசும் சத்தம் கேட்டது.

வியன்னாவில் இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடையில் நின்று பழகிய கால்கள் அவளுடையவை. பனிச்சறுக்குக் கற்க மலைக்கு வந்து இன்று மூன்றாம் நாள். முன்னால் நான்கு கற்றுக்குட்டிகள். எல்லோருக்கும் முன்னால் சிவப்புச் சட்டையில் பயிற்சியாளன் கொர்பினியன். நண்பகலிலேயே இறங்கிவிட்ட மூடுபனி, இடப்பக்கப் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதையே துடைத்துவிட்டிருந்தது. முன்னால் போகிறவர் தடத்தைத் தவறவிட்டால் கீழே நானூறு மீட்டர்.

காலையில், மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கொர்பினியன் சொல்லியிருந்தான்:

“இன்னும் என்னை ‘நீங்க’ங்கிறியே! கீழ ஊர்ல வெச்சுக்க அந்த மரியாதையெல்லாம். மலைமேல எல்லாரும் ‘நீ’தான்.”

“கடைப் பழக்கம். வாய் விடமாட்டேங்குது.”

“விடச் சொல்லு. மேல யாராவது ‘நீங்க’ன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்காதே. பழைய ஆளுங்க. இந்த ‘நீ’ வழக்கம் வர்றதுக்கு முந்தியே விழுந்து செத்துட்டாங்க. பாவம், யாரும் போய்ச் சொல்லல.”

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னான். அதனால் அவள் சிரித்துவைத்தாள்.

இப்போது பலகைச் சத்தம் நெருங்கியது. அவளுடையதைப் போல வழவழவென்று வழுக்கும் சத்தமல்ல. மரம் கரகரக்க, தோல்வார் முனக, ஈரக் கம்பளியும் பழைய மெழுகும் கலந்த வாடையைக் காற்றில் தள்ளிக்கொண்டு, அவள் நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து வந்தது.

“முழங்காலை மடக்குங்க.”

மெதுவான, பணிவான குரல். காதுக்கருகில்.

அவள் திரும்பவில்லை. மடக்கவுமில்லை. பலகை நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. விழுந்தாள். ஒரு பலகை கழன்று இடப்பக்கம் போனது. அது எங்கும் மோதிய சத்தம் வரவில்லை.

முன்னே சிவப்புச் சட்டை மங்கிக்கொண்டிருந்தது.

“கொர்பினியன்! நில்லுங்க! என்னை விட்டுட்டுப் போகாதீங்க!”

ஐந்து முதுகுகளும் விறைத்தன.

சொன்ன பிறகுதான், ‘நீங்க’ போட்டுக் கூப்பிட்டது அவளுக்கு உறைத்தது.

“திரும்பாதே,” என்றான் கொர்பினியன், அடுத்து நின்றவளிடம். அவள் தன் பின்னால் இருந்தவனிடம், “திரும்பாதே.” அவன் அடுத்தவளிடம். வார்த்தை வரிசையாக வந்தது. கடைசி முதுகோடு நின்றது.

“நான்தான்! ஒட்டீலியா! நில்லுடா!”

மூடுபனி. வெறும் மூடுபனி.

தோளில் ஒரு கை. கம்பளிக் கையுறை. உள்ளே விரல்கள் குறைவு.

“நல்ல வேளை,” என்றது குரல். “மரியாதை தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தராவது வந்தீங்க.”

திரும்பினாள்.

சரிவு நெடுக, ஒருவர் பின் ஒருவராக, மரப்பலகைகளில் நின்றார்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். வரிசையின் நடுவே, ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தது. அங்கே, பனியில் நேராக ஊன்றி, அவளுடைய பலகை.