கை தூக்கிய கரடி

"மூச்சு முட்டினா என்ன பண்ணுவ?"

"உக்காருவேன்."

"எங்க?"

"எங்க நிக்கிறேனோ அங்கயே. சேறா இருந்தாலும் சரி, முள்ளா இருந்தாலும் சரி. எத்தன தடவக்கா கேப்ப? பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு படிச்சதில்ல."

"படிச்சிருந்தா இதுக்குள்ள ஏன் வரப்போற?" என்றாள் அக்கா. சொன்ன வேகத்திலேயே கரடியின் முதுகு ஜிப்பை இடுப்பிலிருந்து கழுத்துவரை இழுத்து மூடினாள். தம்பியின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு மயிருக்குள் மறைந்தது.

அந்தப் படப்பிடிப்பில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். உடைகளுக்குப் பொறுப்பு அவள். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிடக் கூர். தம்பி நேற்றுவரை அதே படத்தில் விளக்குகள் தூக்கிக்கொண்டிருந்தவன். உயரம் ஒத்துப்போன ஒரே காரணத்துக்காக இன்று கரடியாகியிருந்தான். டைரக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவன் போதும்" என்றபோது அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வேண்டாம் சார், வேற ஆள் பாருங்க" என்று ஊசி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கரடித் தலையைக் கவிழ்த்துப் பின்கழுத்தில் இரண்டு கொக்கிகளையும் மாட்டினாள். ஜிப்பும் கொக்கியும் வெளிப்பக்கம்தான். உள்ளே போனவன் தானாக வெளியே வர முடியாது. வெளியே நிற்பவர்களுக்கு மனசு வரவேண்டும்.

"அக்கா," என்றது கரடியின் வயிற்றிலிருந்து ஒரு குரல். "உள்ள ஏன் ஈரமா இருக்கு? நேத்து காயப்போடலயா?"

அவள் கொக்கிகளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

குழந்தைகள் படம், விளையாட்டுப்போல முடிந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் காட்டுக்குள் வந்திருந்தார்கள். வந்த முதல் நாளே, மரத்தின் மேல் கட்டிய பொம்மை வீட்டை மழை கழுவிக்கொண்டு போனது. தேவதையின் பொன்னிறக் கூந்தலைக் குரங்கு ஒன்று பறித்துத் தலையில் போட்டுக்கொண்டு, எட்டாத கிளையில் உட்கார்ந்து நாள்முழுக்க எல்லோரையும் பார்த்தது. வாடகைக்கு வந்த கிளி முதல் ஷாட்டிலேயே பறந்துவிட, அதைப் பழக்கியவர் இன்னும் விசிலடித்துக்கொண்டே புதர்களுக்குள் திரிகிறார். கேமராக்காரர் கால்சட்டைக்குள் அட்டை புகுந்து அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, படத்தில் இருக்கும் பாட்டைவிட இது நன்றாக இருக்கிறது என்று டைரக்டரே சொன்னார். சிரித்துக்கொண்டே தாங்கக்கூடிய கஷ்டங்கள்.

பெரியவர் விஷயம் நடக்கும்வரை.

முதல் கரடி அவர்தான். வாழ்நாளெல்லாம் ஏதாவது ஒரு மிருகத்தின் தோலுக்குள் இருந்தவர். சிங்கமாக இருந்திருக்கிறார், குரங்காக இருந்திருக்கிறார், ஒரு சோப்பு விளம்பரத்தில் முயலாகவும் இருந்திருக்கிறார். அவர் முகத்தை எந்தக் குழந்தையும் பார்த்ததில்லை. தன் மூச்சைத் தானே முகரவேண்டிய தொழில் என்பதால், தலையை மாட்டும் முன் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்வார். ஷாட் முடிந்ததும் ஊசியிடம் முதுகைக் காட்டி நிற்பார். "தங்கச்சி, கொஞ்சம் தெறந்துவிடும்மா." பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்வதுபோல, அவ்வளவு மரியாதையாக.

அவருக்கும் அவளுக்கும் ஒரு சைகை இருந்தது. வலது கையைத் தூக்கினால் மூச்சு முட்டுகிறது, ஓடி வா என்று அர்த்தம்.

அன்று காலைதான் டைரக்டருக்கு அந்த யோசனை தோன்றியது. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று கரடி குழந்தைகளுக்கு டாட்டா காட்டட்டும்.

"சார், கை தூக்கறது எங்க சைகை ஆச்சே," என்றாள் ஊசி.

"அப்ப சைகைய மாத்திக்குங்க. எனக்கு டாட்டா வேணும்."

பெரியவர் சமாதானம் செய்தார். "விடும்மா. ஒரு கை தூக்கினா டாட்டா. ரெண்டு கை தூக்கினா ஆபத்து. போதுமா?"

வெயில் ஏறிய நேரத்தில் ஷாட் எடுத்தார்கள். ஓடைக்கு அப்பால் கரடி நின்றது. வலது கையைத் தூக்கியது. குழந்தைகள் துள்ளித் துள்ளிக் கை காட்டினார்கள். கரடி தூக்கிய கையைக் கீழே போடவே இல்லை. ஊசி ஓரடி எடுத்து வைத்தாள். "ஃப்ரேம்ல போகாத!" என்று அசிஸ்டண்ட் அவள் முந்தானையைப் பிடித்தான். "டாட்டாதான் காட்டறாரு." டைரக்டர் மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அற்புதம், ஓடட்டும், ஓடட்டும்" என்றார்.

அப்புறம் கரடி மெதுவாக ஒரு மரத்தில் சாய்ந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

ஜிப்பைத் திறந்தபோது உள்ளேயிருந்து கிராம்பு வாசனையோடு சூடான ஆவி வந்தது. அவர் வரவில்லை.

இதயக் கோளாறால் மரணம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கரடி மாமா லீவில் போயிருக்கிறார் என்று குழந்தைகளிடம் சொன்னார்கள். அந்த ஷாட்டை மட்டும் படத்தில் வைத்துக்கொண்டார்கள். கதாநாயகியாக நடிக்கும் பாப்பாவுக்கு ஏழு வயது. அவள்தான் அன்று மாலை ஊசியின் மடியில் உட்கார்ந்து, கவுனை மாற்றும்போது சொன்னாள்:

"கரடி மாமா டாட்டா காட்டல ஆன்ட்டி. டாட்டான்னா கை ஆடும்ல? அவரு கைய சும்மா தூக்கிட்டே இருந்தாரு."

ஒற்றைக் கையைத் தூக்கத்தான் அவருக்குத் தெம்பு இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தோலைச் சோப்பு போட்டு அலசினாள். காட்டிலாகாவின் பழைய பங்களாவில்தான் உடைகளை வைத்திருந்தார்கள். அதன் வராந்தாவில் நல்ல வெயிலில், உட்புறத்தை வெளியே திருப்பிக் காயப்போட்டாள். மாலையில் மொடமொடவென்று காய்ந்திருந்தது.

காலையில் உள்ளே நனைந்திருந்தது.

பனி என்று நினைத்தாள். மறுநாள் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். காலையில் மறுபடி ஈரம். அக்குளிலும் முதுகிலும் மட்டும். ஒரு மனிதனுக்கு எங்கெங்கே வியர்க்குமோ அங்கே.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால், துணி துவைக்கத் துப்பில்லை என்பார்கள்.

இன்றைய ஷாட்டில் கரடி குழந்தைகளைப் பிரிந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் நடந்துபோக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. டாட்டா கிடையாது. ஊசி கெஞ்சிக் கேட்டு, சைகையை உட்காருவது என்று மாற்றியிருந்தாள். உட்கார்ந்த கரடி எந்த ஷாட்டிலும் இல்லை என்பதை அசிஸ்டண்டிடம் வாய்விட்டுச் சொல்ல வைத்தாள்.

"ரோலிங்... ஆக்‌ஷன்!"

கரடி நடந்தது. தம்பியின் நடைதான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த நாளிலிருந்து அப்படித்தான். குழந்தைகள் விசும்ப வேண்டிய இடத்தில் அழகாக விசும்பினார்கள். மாலை வெயில் மரங்களின் ஊடே சாய்ந்து விழுந்தது. சில்வண்டுகளின் சத்தம் காதை அடைத்தது.

அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

கரடியும் நின்றது.

அதன் வலது கை மெல்ல மேலே எழுந்தது.

"யாரு கை தூக்கச் சொன்னது?" என்றார் டைரக்டர். ஒரு கணம் கழித்துக் குரல் குழைந்தது. "ஆனா நல்லா இருக்குய்யா. ஓடட்டும்."

ஊசி கையைப் பார்த்தாள். ஆடவில்லை. கரடி உட்காரவும் இல்லை. தம்பிக்கு அந்தச் சைகையை அவள் சொல்லித்தரவே இல்லை.

காற்றில் கிராம்பு மணத்தது.

அசிஸ்டண்ட் கையை நீட்டுவதற்குள் அவள் ஓடிவிட்டாள். ஓடையில் இறங்கி, பாசியில் வழுக்கி, முழங்காலில் விழுந்து எழுந்து ஓடினாள். பின்னாலிருந்து டைரக்டர் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். கிட்டே போனபோது கரடி கையைத் தூக்கியபடியே நின்றது. ஜிப்பை இழுத்தாள். அசையவில்லை. வியர்வையில் ஊறிப் பல்லோடு பல் கடித்துக்கொண்டிருந்தது. கொக்கிகளை விடுவித்துத் தலையைக் கழற்றி எறிந்தாள். இடுப்பில் தொங்கிய கத்தரியை எடுத்து, ஜிப்பை ஒட்டி மேலிருந்து கீழே ஒரே மூச்சாகக் கிழித்தாள்.

தம்பி பின்பக்கமாக அவள்மேல் சரிந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது. கன்னத்தில் அறைந்தாள். இன்னொன்றும் அறைந்தாள். அவன் இருமினான்.

"அடிக்காதக்கா... உயிரோடதான் இருக்கேன்."

அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. "உக்காருன்னு சொன்னேனேடா! கைய ஏன்டா தூக்கின?"

"நானா?" அவன் தன் கைகளைப் பார்த்தான். "கண்ணு இருட்டிட்டு வந்துச்சுக்கா. உக்காரலாம்னு பாத்தேன், முட்டி மடங்கல. யாரோ பின்னாடி இருந்து இறுக்கிப் புடிச்சு நிறுத்தின மாதிரி இருந்துச்சு. என் கை ரெண்டும் கீழதான் தொங்குச்சு."

அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

தரையில் கிடந்த வெறும் தோலின் வலது கை, புல்லுக்கு மேல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாழ்ந்து படுத்தது. நுரைப்பஞ்சு வைத்த கை, அப்படித்தான் மெதுவாக அமுங்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டைரக்டர் வந்தார். தம்பிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அதுவரை நல்ல மனிதர்தான். பிறகு மானிட்டரில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "நீ உள்ள வர்றதுக்கு முன்னாடி வெட்டிக்கலாம். கை தூக்கினது கவிதையா இருக்கு" என்றார். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. கரடி மரத்தடியில தூங்கணும், பாப்பா பக்கத்துல பூ வைக்கணும். வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துரலாம்."

"யாரும் உள்ள போகமாட்டாங்க சார்," என்றாள் ஊசி. கையில் கத்தரி இன்னும் இருந்தது. "வேணும்னா நீங்க போங்க."

டைரக்டர் கத்தரியைப் பார்த்தார். அசிஸ்டண்டுதான் குறுக்கே வந்தான். "ஆளே வேணாம்க்கா. தூங்கற கரடிதானே? உள்ள பழைய துணிய அடைச்சு முதுகைத் தைச்சிருங்க. சும்மா படுக்க வெச்சிரலாம்."

அது நியாயமாகப் பட்டது. முதுகில் திறப்பே இல்லாமல் தைத்துவிட்டால், இனி யாரையும் அதற்குள் அனுப்ப முடியாது.

தம்பியை ஜீப்பில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுப் பங்களாவின் அறைக்குள் வந்தாள். பழைய திரைச்சீலைகளையும் கிழிந்த கவுன்களையும் கரடிக்குள் திணித்தாள். தலையையும் மாட்டி, பாயில் உட்கார்ந்து, அதை மடியில் குப்புறப் போட்டு, தடித்த ஊசியில் மெழுகு நூலைக் கோத்து இடுப்பிலிருந்து தைக்கத் தொடங்கினாள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. வெளியே பாப்பா பூப் பறித்துக்கொண்டே, தான் அழவேண்டிய வசனத்தைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை பழகிய வேலை. தையல் மளமளவென்று ஏறியது.

பாதி முதுகு வந்தபோது தோல் கனத்தது.

அவள் திணித்தது ஒரு மூட்டைத் துணி. மடியில் அழுத்துவது அதுவல்ல. தொடை மரத்துப்போனது. ஈரம் அவள் சேலையை நனைத்தது. சூடான ஈரம்.

கிராம்பு வாசனை.

ஊசியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் முதுகு லேசாக மேலே எழுந்து கீழே இறங்கியது. அவள் நிறுத்தினாள். அது நிற்கவில்லை.

"ஊசிக்கா!" அசிஸ்டண்டின் குரல். "வெளிச்சம் போகுது! முடிஞ்சுதா?"

கழுத்தருகே ஒரு சாண் மட்டும் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. திரைச்சீலை எதுவும் தெரியவில்லை. கத்தரி மேசையில் இருந்தது, கை எட்டும் தூரம்தான். அவளால் கையை நீட்ட முடியவில்லை. ஊசி விரலைக் குத்தியதும் தெரியவில்லை.

கரடியின் வலது கை பாயிலிருந்து எழுந்தது. பாதிவரைதான். அதற்கு மேல் தெம்பில்லை.

கதவுக்கு வெளியே காலடிகள் நெருங்கின.

"தங்கச்சி," என்றது தோல், எப்போதும்போல அவ்வளவு மரியாதையாக. "முழுசாத் தைச்சுடாதம்மா. கொஞ்சம் தெறந்துவிடேன்."