மண்டைக்கு வெளியே ஒரு புள்ளி

திரையில் மெரெட்டேவின் மூளை சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது. வலிப்பு கிளம்பும் இடத்தைக் காட்ட அதில் இருக்க வேண்டிய சிவப்புப் புள்ளி மட்டும் அங்கே இல்லை. மண்டையோட்டைத் தாண்டி, இடது காதுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, வெறும் இருட்டில் அது தனியாக நின்றுகொண்டிருந்தது.

"என்ன மெரெட்டே, வலிப்பை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" கருவியை இயக்கும் ஆஸ்கெர் சிரித்தான். "பயப்படாதீங்க. தலை அசைஞ்சிருக்கும். அசைஞ்சா புள்ளி இப்படித்தான் ஊர் சுத்தும்."

"நான் அசையவே இல்லையே."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இன்னொரு தடவை எடுத்துரலாம்."

அவள் வாதாடவில்லை. எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு அவளுடையது. அது மூளையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் கத்தி வைக்க முடியாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். மகள் ஆல்மாவுக்கு இரண்டு வயதாகப் போகிறது. இதுவரை ஒருநாள்கூட அவளைத் தனியாகக் குளிப்பாட்டியதில்லை; முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் உட்கார வைத்துக் கடைத்தெருவுக்கு ஓட்டிப் போனதில்லை. கணவன் பிரெபென் பக்கத்தில் இல்லாமல் குழந்தையைத் தூக்கவே கூடாது. அந்தப் புள்ளி எப்படியாவது உள்ளே வந்துவிட வேண்டும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஒவ்வொரு வலிப்புக்கும் முன்னால் ஈரக் கம்பளி கருகும் வாடை வரும், அப்புறம் இடப்பக்கம் பின்னால் யாரோ வந்து நிற்பார்கள் என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தாள். அதுவும் மூளை பண்ணும் வேலைதான் என்றார் அவர். எவ்வளவு தூரத்தில் நிற்பார்கள் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

சரியாக ஒரு சாண்.

வெளியே மதியம் திரும்புவதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து, பனிக்கோட்டுக்குள் பொட்டலம் மாதிரி இருந்த ஆல்மாவைத் தோளில் போட்டபடி பிரெபென் எட்டிப் பார்த்தான். "சீக்கிரம் முடிச்சிட்டு வா. கீழ கேன்டீன்ல ஏலக்காய் ரொட்டி சூடா இருக்கு. உன் மக பாதியை முழுங்கிட்டா."

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கடா," என்றாள் மெரெட்டே. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆஸ்கெர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பெரிய வெள்ளைத் தலைக்கவசத்தைக் காதுவரை இறக்கினான். பிறகு கவசத்துக்கும் தலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியிலெல்லாம் பஞ்சுத் துண்டுகளைத் திணித்தான். "இனிமே திரும்பணும்னு நினைச்சாலும் திரும்ப முடியாது. அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடினாக்கூட இந்தக் கருவிக்குத் தெரிஞ்சிரும். அதான் இவ்ளோ கனமான கதவு. சாத்திட்டா வெளியேயிருந்து எதுவும் உள்ள வராது."

"உள்ள இருக்கிறது?"

"உள்ள நீங்க மட்டும்தானே!"

கதவு சாத்திக்கொண்டது. காது அடைத்துக்கொண்டது. தலைக்கு மேல் கருவியின் மெல்லிய ரீங்காரம், அதற்கு அடியில் அவளுடைய மூச்சு, அதற்கும் அடியில் பஞ்சுத் துண்டுகள் தலைமுடியில் உரசுகிற சன்னமான சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலிப்பைத் தூண்டுவதற்காக முந்தின இரவு முழுக்கத் தூங்காமல் விழித்திருக்கச் சொல்லியிருந்ததால் கண் எரிந்தது.

பஞ்சு உரசும் சத்தம் மறுபடியும் கேட்டது. அவள் அசையவில்லை.

ஈரக் கம்பளி. அடுப்பின் மேல் போட்டு மறந்தது போல, முதலில் லேசாக, பிறகு தொண்டை கமறுகிற அளவுக்கு.

"ஆஸ்கெர்..."

"நல்லா வருது! அலையெல்லாம் அருமையா வருது. அசையாதீங்க," என்றது ஒலிபெருக்கி.

பின்னால் வந்து நின்றுவிட்டது. இடப்பக்கம். திரும்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள். வெள்ளைச் சுவர். கவசத்தின் விளிம்பு. வேறு ஒன்றுமில்லை.

"புள்ளி கிட்ட வருது," என்றான் ஆஸ்கெர் உற்சாகமாக. "பாத்தீங்களா, அசையாம இருந்தா எப்படி! நாலு விரல்தான் இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு எழவில்லை.

"ரெண்டு விரல்."

கழுத்தில் மூச்சு. சூடில்லை.

இடது காதுக்குப் பின்னால் ஏதோ தொட்டது.

நுழைந்தது.

"உள்ள வந்திருச்சு!" ஒலிபெருக்கி கிட்டத்தட்டக் கத்தியது. "கிடைச்சிருச்சு மெரெட்டே! இடம் கிடைச்சிருச்சு!"

அவள் வாய் திறப்பதற்கு முன்பே, அவள் குரலில் யாரோ அமைதியாகச் சொன்னார்கள்.

"ரொம்ப நன்றி."

கதவு திறந்தது. ஆஸ்கெர் பஞ்சை உருவினான், கவசத்தைத் தூக்கினான். மெரெட்டே தன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் ஒட்டிய முடி, இடது காதுக்குப் பின்னால் சின்ன மச்சம். அந்தக் கழுத்து எழுந்து நடந்தது. அவளும் இழுபட்டாள், ஒரு சாண் பின்னால்.

வெளியே காத்திருந்த பிரெபென் சேதி கேட்டுச் சந்தோஷத்தில் அழுதான். அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டவள் தடுமாறவில்லை. "இனிமே நானே குளிப்பாட்டுறேன்," என்றாள்.

ஆல்மா அந்தத் தோளுக்கு மேலே தலையைத் தூக்கினாள். பின்னால் நின்ற மெரெட்டேவை நேராகப் பார்த்தாள்.

"அம்மா," என்று கையை நீட்டினாள்.

தூக்கி வைத்திருந்தவள் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.